பேசுகிறவர் பெயர்

"அத்தை, நீ லீடராயிட்டல்ல, இனிமே பேசுறவங்க பேரையெல்லாம் போர்டுல எழுதுவியா?"

தமிழ்மொழி இதைக் கேட்டபோது ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். தி.நகரில் அவர்கள் குடும்பத்துப் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். அடையாறு பக்கம் இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவள் அத்தை ஸ்வர்ணலதா முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்தாள். அந்த வாரம்தான் நுண்ணுயிரியல் துறையின் பிரதிநிதியாக அவளை ஆய்வு மாணவர் பேரவைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குழந்தைக்குத் தெரிந்த தலைவர்கள் ஒரே வகைதான். டீச்சர் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகை ஓரத்தில் போய் நிற்பவர்கள்.

ஸ்வர்ணலதாவின் அண்ணன் சண்முகவேல் மோர்ச்சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான். "உங்க அத்தையா எழுதப் போறா? பேசுதவங்களுக்குத் தொண்டை வறளுமேன்னு தண்ணி மோந்து குடுப்பா."

"எழுத மாட்டேன்டா கண்ணு. அவங்க பேசுறதக் கேக்கத்தான் என்னை லீடராக்கியிருக்காங்க" என்றாள் ஸ்வர்ணலதா.

தமிழ்மொழிக்கு அது திருப்தியாக இல்லை. "அப்ப எதுக்கு லீடரு?" என்று கேட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்கப் போய்விட்டாள்.

பேரவை என்றதும் பெரிய மண்டபம் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறை, நீளமான ஒரு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். பத்தொன்பது துறைகளுக்குப் பத்தொன்பது பிரதிநிதிகள். அவர்களில் ஒருவர் செயலாளர். டீனுடைய அறையில் உட்கார்ந்து பேசுகிற உரிமை அவருக்கு மட்டும்தான். ஒரு மாணவரின் குறை டீன் மேசைக்குப் போக வேண்டுமானால் பேரவையின் தீர்மானத்தோடு போக வேண்டும். தனி ஆளாகக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். பதின்மூன்று பேராவது வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டால்தான் அது கூட்டம். ஒருவர் குறைந்தாலும் டீயைக் குடித்துவிட்டுக் கலைய வேண்டியதுதான். கையெழுத்துப் போட்ட பிறகு பாதியில் எழுந்து போனால் செல்லாது, அவர் இருந்ததாகவே கணக்கு. வாக்கெடுப்பில் கை தூக்குகிற வழக்கமும் அங்கே இல்லை. செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். மறுப்பவர் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் சம்மதம். என்றோ ஒருவர், எதிர்த்துப் பேசுகிறவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து இதை ஏற்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் மனிதர்களுக்கு உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுலபம் என்பதை அந்த நல்ல மனிதர் யோசிக்கவில்லை.

அன்புக்கரசி அதே துறையில், வேறொரு நெறியாளரிடம் ஆய்வு செய்தவள். சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கரையைக் காலி செய்து, குடும்பத்தைச் செம்மஞ்சேரியில் கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் அந்த ஆற்றின் சேற்றைத்தான். சாக்கடையைத் தின்று உயிர் வாழ்கிற நுண்ணுயிர்களை அதிலிருந்து பிரித்தெடுத்து, சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்துவந்தாள். "எங்களைத் தூக்கிப் போட்டாங்க, இதுங்களை வுட்டுட்டாங்க. அப்ப இதுங்கதானே எனுக்குச் சொந்தக்காரங்க" என்பாள்.

ஸ்வர்ணலதா அவளுக்குக் கடன்பட்டிருந்தாள். போன வருஷம் மழையில் ஊரே மின்சாரமில்லாமல் கிடந்தபோது தி.நகர் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கடைக்குள்ளிருந்த குடங்கள் மிதந்து வாசலுக்கு வந்துவிட்டன. ஆய்வு நிறுவனத்து ஜெனரேட்டரும் நின்றுவிட்டதாகச் செய்தி வந்ததும், மூன்று வருஷமாக வளர்த்த தன் குழாய்களில் இருந்த நுண்ணுயிர்களெல்லாம் செத்திருக்கும் என்று ஸ்வர்ணலதா மாடியில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் வடிந்து ஆய்வகத்துக்குப் போனபோது, குழாய்கள் ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸுக்குள் பத்திரமாக நின்றிருந்தன. அன்புக்கரசி முழங்கால் தண்ணீரில் சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு நடந்துபோய், தெரிந்த அக்காவிடம் பெட்டியும் ஐஸும் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"மீன் வாடை அடிக்கும். உன் பூச்சிங்க இன்னா சைவமா? கோச்சிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

இந்த வருஷம் அன்புக்கரசியின் ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியானபோது அதில் அவள் பெயர் இல்லை. நெறியாளரின் தங்கை மகன் பெயர் இருந்தது. அவள் போய்க் கேட்டாள். அதன் பிறகு அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் அவர் கையெழுத்துப் போடவில்லை. உதவித்தொகை நின்றது. நெறியாளரை மாற்றித் தரச்சொல்லி அவள் கொடுத்த மனுவைப் பேரவை ஏற்றுக்கொண்டு டீனுக்கு அனுப்பியது. அனுப்பச் சொல்லிப் பேசியவள் ஸ்வர்ணலதா. அன்றைக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. சம்மதத்தின் அழகைப் பார்த்து அவள் மனம் நிறைந்துபோய், வீட்டுக்கு வந்து விளக்கேற்றினாள்.

ஒரு மாதம் கழித்து டீன் செயலாளரைக் கூப்பிட்டு அனுப்பினார். செயலாளர் ஜவஹர் ஐந்தாம் ஆண்டு மாணவன். கெட்டவன் இல்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன். அவன் மனைவி மாசமாக இருந்தாள். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கான விடுதியில் அவர்களுக்கு ஓர் அறை. ஐந்தாம் ஆண்டுக்காரர்கள் எல்லோரும் இந்த ஆண்டு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வரவிருந்தது. அதை இன்னும் ஓராண்டு தள்ளிவைக்கலாம், ஆனால் பேரவையும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும் என்று டீன் காப்பி கொடுத்துச் சொல்லியிருக்கிறார். எதில் ஒத்துழைப்பது என்பதை ஜவஹர் புரிந்துகொண்டான். மனுவைப் பேரவையே திரும்பப் பெறும் தீர்மானம் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வந்தது. நிறைவேறினால் அதே மனுவை அடுத்த பருவம் வரை யாரும் எடுக்க முடியாது. அதுவரை அன்புக்கரசிக்கு நெறியாளரும் இல்லை, உதவித்தொகையும் இல்லை, விடுதியும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் இயற்பியல் துறைப் பிரதிநிதி சஃப்வான் போன் செய்தான்.

"அக்கா, இன்னைக்கு மீட்டிங்குக்கு வராதீங்க. நாங்க ஆறு பேர் போகல. நீங்களும் வரலைன்னா அவங்க பன்னெண்டு பேர்தான். கூட்டமே நடக்காது. வெள்ளிக்கிழமை டீன் கமிட்டி. அதுவரைக்கும் இழுத்துட்டா மனு உள்ள போயிடும்."

"வராம இருக்கிறது ஓடி ஒளியிற மாதிரி இல்லையா சஃப்வான்?"

"ஒளிஞ்சா என்னக்கா? ஜெயிச்சுட்டு வெளிய வருவோம்."

"நான் பேசிப் பார்க்கிறேன். எல்லாரும் நம்ம கூட டீ குடிக்கிறவங்கதானே. முகத்தப் பார்த்துச் சொன்னா கேப்பாங்க."

"அக்கா, நீங்க பேச வேண்டாம். சும்மா இருந்தா போதும். அன்புவும் அதைத்தான் சொல்லச் சொன்னா."

அவள் அப்போது மயிலாப்பூரில், கபாலீஸ்வரர் கோயில் வாசலில் நின்றிருந்தாள். பேசும்போது நா தடுமாறக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். அன்புக்கரசிக்கென்று தனியாக ஒரு காகிதத்தில் திருநீறு மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள். நல்ல காரியத்துக்குக் கொல்லைப்புறமாகப் போவானேன் என்று நினைத்தாள். ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசினால் மனிதர்கள் இளகிவிடுவார்கள் என்பது அவள் அனுபவத்தில் பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கிறது. கடையில் பேரம் பேசுகிறவர்களிடமும், பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போடுகிறவர்களிடமும் அது பலித்திருக்கிறது. அடையாறு பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

அறைக்குள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சமோசாத் தட்டு பாதி காலியாகியிருந்தது. ஜவஹர் கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் நட்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

"வாங்க மேடம், வாங்க. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கினு இருக்கோம்" என்று அவனே எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டான். பதிவையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"பதிமூணு" என்றான் ராகேஷ், கணிதத் துறைக்காரன். "ஆரம்பி மச்சி, சமோசா ஆறிப்போச்சு."

ஜவஹர் தீர்மானத்தை வாசித்தான். ஸ்வர்ணலதா எழுந்து நின்று பேசினாள். நா தடுமாறவில்லை. ஐஸ் பெட்டியைச் சொன்னாள். இழந்த பெயரைச் சொன்னாள். நாளைக்கு இது நம்மில் யாருக்கும் நடக்கலாம் என்றாள். அவள் பேசி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கிடவில்லை. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்த கையால் சமோசாவின் ஓரத்தைப் பிட்டாள்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க" என்றான் ஜவஹர். அவன் குரலில் கேலி இல்லை. "ஆனா ஒருத்திக்காக அத்தனை ஃபேமிலி ரோட்டுக்கு வரணுமா, நீங்களே சொல்லுங்க. அவளுக்கு அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம். இப்ப மறுக்கிறவங்க எழுந்து நிக்கலாம்."

அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பார்த்தாள். யாருடைய நாற்காலியாவது நகருமா என்று காது கொடுத்துக் கேட்டாள். மின்விசிறிதான் கேட்டது. ராகேஷ் மேசை விரிப்பின் ஓட்டையில் விரலை விட்டுத் திருகிக்கொண்டிருந்தான்.

"மறுப்பு ஒண்ணு. தீர்மானம் நிறைவேறிச்சு" என்று ஜவஹர் எழுதினான். பிறகு, எழுதிக்கொண்டே, மெதுவாகச் சொன்னான்: "நீங்க வரலைன்னா இன்னைக்குக் கூட்டமே இல்ல மேடம். தேங்க்ஸ்."

அப்போதுதான் அவள் பதிவிலிருந்த தன் கையெழுத்தைத் திரும்பப் பார்த்தாள்.

விடுதிக்குப் போனபோது அன்புக்கரசி துணிகளை ஒரு கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் வாளியைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"வா. இன்னா, நல்லாப் பேசினியாமே?"

"அன்பு..."

"சஃப்வான் சொன்னான். அழுதாங்களாமே சில பேரு." பையின் வாயை அமுக்கினாள். "நான் உன்னைப் பேசச் சொல்லவே இல்லியே ஸ்வர்ணா. வூட்ல குந்திக்கினு இரு, அது போதும்னுதானே சொல்லி அனுப்பினேன்."

"முகத்துக்கு நேரா சொன்னா கேப்பாங்கன்னு நினைச்சேன்."

"உனுக்கு நல்லவளா நிக்கணும். நின்ன. எனுக்குக் கைடு மாறணும். ரெண்டும் வேற வேற, கண்ணு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் ஸ்வர்ணலதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வுடு. பாலவாக்கத்துல ஒரு டியூஷன் சென்டர்ல பசங்களுக்கு பயாலஜி எடுக்கக் கூப்டாங்க. அடுத்த செமஸ்டர் வரைக்கும் ஓட்டணும். அதுக்கப்புறம் வந்தாலும், என் பூச்சிங்க ஒண்ணும் இருக்காது. முதல்லருந்து சேறு அள்ளணும்."

பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை ஸ்வர்ணலதா விரலால் தொட்டுக்கொண்டே நின்றாள். வெளியே எடுக்கவில்லை. கட்டைப்பையின் ஒரு காதைப் பிடிக்கக் குனிந்தாள். "பரவால்ல, கனமில்ல" என்று அன்புக்கரசி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் துறையின் அட்டெண்டர் சுப்புராயன், பொதுக் குளிர் அறையைப் பெருக்கிக்கொண்டே சொன்னார்: "வர்ற திங்கக்கெழம அந்த மேல் தட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரும்மா அன்போட கைடு சாரு. அந்தப் பொண்ணு வெச்சிருந்த குழாயெல்லாம் கழுவிப் போடணுமாம்."

ஸ்வர்ணலதா "சரிங்கண்ணே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கடை வாசலில் ஸ்லேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்த தமிழ்மொழி, "லீடர் வேலையா அத்தை?" என்று கேட்டாள். ஸ்வர்ணலதா அவள் தலையைத் தொட்டுவிட்டு நடந்தாள். பேரவையிலிருந்து விலகுவதாக அவள் எழுதிக் கொடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

துறையில் யாரும் இல்லை. கையைக் கழுவி, மேசையைத் துடைத்து, ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். நுனி வளைந்த கம்பியைத் தீயில் காட்டிச் சிவக்கவைத்து, ஆறவிட்டு, பழைய குழாயிலிருந்து ஒரு துளி உயிரைத் தொட்டெடுத்துப் புதிய குழாயில் மெல்லக் கோடிழுத்தாள். மறுபடி கம்பி, தீ, அடுத்த குழாய். இப்படிப் புதுத் தீனிக்கு மாற்றிவிட்டால் சில வாரம் உயிரோடு இருக்கும். பிறகு மறுபடி மாற்ற வேண்டும், அதற்குப் பிறகும். அன்புக்கரசி வருகிறவரை. வருவாளோ, மாட்டாளோ. அதை அவளிடம் சொல்லப் போவதில்லை என்று ஸ்வர்ணலதா வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள். சொன்னால் அது மன்னிப்புக்கு விலை பேசுவதாகிவிடும்.

மத்தியானம் ஆகிவிட்டது. பழைய குழாய்களை இருந்த இடத்திலேயே வைத்தாள், சுப்புராயன் கழுவுவதற்கு. புதியவற்றை, தன் தட்டின் பின்வரிசையில் போன வருஷத்திலிருந்து கிடந்த தெர்மோகோல் பெட்டியில் நிறுத்தினாள். எத்தனை முறை கழுவியும் அதன் மூலையில் மீன் வாடை இன்னும் லேசாக இருந்தது.

பழைய குழாய்களில் ஆய்வக எண் மட்டும்தான் இருந்தது. அந்த நெறியாளரின் ஆய்வகத்தில் மாணவர் பெயர் எழுதுகிற வழக்கமில்லை. ஸ்வர்ணலதா பேனாவின் மூடியைக் கடித்துத் திறந்து, புதிய குழாய்களில் முதலாவதை எடுத்தாள். குளிரில் கண்ணாடி வியர்த்திருந்ததால் மை பிடிக்காமல் வழிந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தாள், வாயால் ஊதிக் காயவைத்தாள், மறுபடி எழுதினாள். 'அன்' வரை வந்தது. அடுத்த எழுத்துக்கு மறுபடி துடைக்க வேண்டியிருந்தது.