சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும்

1

இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. தப்பு என்னுடையது, அதனால் கதைக்கும் நானே உரிமை கொண்டாடுகிறேன். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வீடியோ கேமராவை நடுங்கும் கைகளால் அவன்—

அடித்துவிட்டேன். இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டிய கை, நடுங்காது.

(நடுங்கிச்சு. நான் பாத்தேன்.)

அடைப்புக்குறிக்குள் இருப்பது என் மனைவி. நான் எழுதுவதை முதலில் படிப்பவள், ஓரத்தில் பென்சிலால் பேசுவாள். வேறு எப்படியும் அவளால் பேச முடியாது.

2

அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் ஆள் பிழைப்பாள், குரல் போய்விடும் என்றார் டாக்டர். கையில் ஒரு வாரம் இருந்தது. அந்தக் குரலைப் பிடித்து வைக்கத்தான் கேமரா வாங்கினேன். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும் என்றான் கடைக்காரன். எனக்கு முடி எதற்கு? குரல்தானே வேண்டும்.

தினமும் சாயங்காலம் தலைவாரி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பிடித்த பாடங்களை வாசித்தாள். ஆறு நாளும் எடுத்தேன்.

எடுத்தேன் என்று நினைத்தேன்.

3

கேமராவைத் திறந்ததும் திரையில் பச்சை எழுத்து வரும். பொத்தானை அழுத்தினால் சிவப்புப் புள்ளி. சிவப்பு வந்தால்தான் பதிவாகும் என்பது ஊருக்கே தெரியும். எனக்குச் சிவப்பு என்றால் பிரேக். பச்சையைப் பார்த்ததும் “ம், படி” என்றேன். அவள் முடித்ததும் பொத்தானை அழுத்தி, சிவப்பைப் பார்த்துத் திருப்தியடைந்து, முக்காலியில் வைத்தேன்.

ஆக, ஒரு பாடம்கூட இல்லை. இருப்பதெல்லாம் ஒரு நாற்காலிக் கால், அவள் பாதம், பிறகு இது:

“ஏங்க, நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு.”

“அப்பாடா, கழுத்து புடிச்சுக்கிச்சு. ஈரத் துண்டை மறுபடியும் கட்டில்லயா போட்டீங்க? உங்களுக்கு என் கிளாஸ் பிள்ளைங்களே தேவல!”

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் போட்டுப் பார்த்தோம். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

4

முடிவு ஒன்று: அவன் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவேயில்லை.

(ரொம்ப ஓவர்.)

முடிவு இரண்டு: விதி செய்த சதியால்—

(விதி இல்ல, நான்தான். கேமராவுக்கு முன்பக்கம் ஒரு சின்ன லைட்டு இருக்கு. நான் படிக்கும்போது எரியல, திட்டும்போது எரிஞ்சுது. ரெண்டாம் நாளே புரிஞ்சுடுச்சு. வேணும்னேதான் சொல்லல. பாடத்தை எந்த டீச்சரும் படிப்பாங்க. உங்களைத் திட்ட வேற யாரு இருக்கா?)

இதை அவள் எழுதியது நேற்று. மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை என்று எழுதப்போனேன், பேனாவை வைத்துவிட்டேன். நன்றி என்பதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியாது. அதையே எழுதுகிறேன்: நன்றி.

5

கடைசிப் பதிவு, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள். நான் கடைக்குக் கிளம்புகிறேன். கதவுச் சத்தம். பின்னாலேயே அவள்:

“ஏங்க, வரும்போது அப்படியே—”

அதோடு கேமராவின் மெமரி கார்டு நிறைந்துவிட்டது. அன்றைக்கு அது என் காதில் விழவும் இல்லை.

என்ன வாங்கி வரச் சொன்னாய் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள். மூன்று வருடமாக ஒவ்வொன்றாக வாங்கி வந்து நீட்டுகிறேன். சோப்பு, நூல்கண்டு, பல்பு, பேனா ரீஃபில். பையை எட்டிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டிவிட்டு, வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

இந்தக் கதைக்கு முடிவு எழுத என்னால் ஆகாது. நீங்கள் கடைக்குக் கிளம்பும்போது உங்கள் வீட்டில் என்ன வாங்கி வரச் சொல்கிறார்களோ, அதை இங்கே எழுதிக் கொடுங்கள். நாளைக்கு வாங்கிப் பார்க்கிறேன்:

ஏங்க, வரும்போது அப்படியே ....................

(சரியா எழுதினவங்க தயவுசெஞ்சு இவர்கிட்ட காட்டிடாதீங்க.)