துண்டில் முடிந்த உரம்

என் மனைவியின் தம்பி உரக்கடை வைத்திருக்கிறான். சொந்தத்தில் ஒருவன் உரக்கடை வைத்திருந்தால் பாதி சௌகரியம், பாதி தலைவலி. கடைக்கு எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் அதை முதலில் என் தலையில்தான் கட்டப் பார்ப்பான். நானும் லேசில் மடங்குகிற ஆள் இல்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதில் தப்பில்லை.

அந்தப் பருவத்தில் மக்காச்சோளம் விதைக்கும்போது அவன் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளே இளம்பச்சை நிறத்தில், பளபளவென்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள்.

"என்னடா மாப்ளே இது, பாசிமணி கோக்கப் போறியா?"

"யூரியாதான் மாமா. மேல மெல்லிசா ஒரு தோல் பூசியிருக்காங்க. ஈரம் உள்ள போய் யூரியாவைக் கரைச்சு, அந்தத் தோல் வழியாக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். விதைக்கும்போதே ஒரு தடவை போட்டா போதும். முழங்கால் உயரத்துல ஒரு தடவை, பூ வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவைன்னு நீங்க அலைய வேண்டாம்."

"என் பயிருக்கு நான் சோறு போடுறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

அவன் சிரிக்கவில்லை. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்காவுக்கு ஆபரேஷன் தேதி எப்ப வரும்னு தெரியாது. சரியா உரம் வைக்கிற நேரத்துல வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பெயர் கொடுத்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். வேற யாரும் வேண்டாம்." கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது குறைவு. இருப்பேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆகவே மூட்டையைப் பிரித்தேன். ஆனால் முழு மனசோடு இல்லை. எங்கள் வழக்கம் வேறு. செடி முழங்கால் உயரம் வந்ததும் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தூருக்கும் ஒரு சிட்டிகை யூரியா வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடுவேன். ஆள் வைத்தால் ஒரு செடிக்கு விருந்தும் அடுத்த செடிக்குப் பட்டினியுமாக வைப்பார்கள் என்று நானே வைப்பேன். போன வருடம் அப்படி வைத்த மறுநாளே கொட்டிய மழை அத்தனையையும் வாய்க்காலுக்குக் கொண்டுபோனது வேறு கதை. மச்சான் சொன்னபடி விதைக்குச் சற்றுத் தள்ளி, சற்று ஆழத்தில், தோல் உடையாமல் மணிகளைப் போட்டு மூடினேன். மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

மச்சான் வாயில் என்ன முகூர்த்தமோ, செடி முழங்கால் தொடும் நேரத்தில் ஆபரேஷன் தேதி வந்தது. அவளை வார்டில் சேர்த்தோம். மச்சான் ரத்தம் கொடுத்துவிட்டு, எங்கள் மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளத் திரும்பினான். ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவளுக்கு மாற்றுப் புடவை எடுத்துவர வீட்டுக்கு வந்தவன், கால் சும்மா இருக்காமல் வயலுக்குப் போனேன்.

பயிர் பச்சையாகத்தான் நின்றது. ஆனாலும் கை பரபரத்தது. ஒரு தூரின் பக்கத்தில் மண்ணைப் பறித்தேன். அடியில் போட்ட மணிகள், போட்டது போட்டபடி, முழுசாக, உருண்டையாக இருந்தன. அடுத்த தூரிலும் அப்படியே. வயலின் மறுகோடியில் போய்த் தோண்டினேன். அங்கேயும் முழுமணிகள்தான். ஒன்றுகூடக் கரையவில்லை.

இவ்வளவு நாளும் பயிர் மண்ணிலிருந்த பழைய சத்தைத் தின்றுதான் நின்றிருக்கிறது. இனி வெளுக்கும். கதிர் பிடிக்கிற காலத்தில் பட்டினி கிடக்கும். கடைக்கு வேலை விஷயமாகப் போயிருந்த மச்சானைப் போனில் பிடித்தேன்.

"கல்லை வித்திருக்கேடா! ஒண்ணுகூடக் கரையலை!"

"மாமா, அதை எடுத்து ஒரு தடவை..."

"உன் சங்காத்தமே வேண்டாம்!" போனை வைத்துவிட்டேன். அவன் மறுபடி மறுபடி அழைத்தான். நான் எடுக்கவில்லை.

வேறு ஆளை வைத்து யூரியா வைக்கலாம் என்றால், ஒரே மழைக்கு விதைத்த ஊர். எல்லோருக்கும் அதே வாரம்தான் அதே வேலை. மச்சானுக்கோ குனிய முடியாத இடுப்பு. நான்தான் குனிய வேண்டும். வயல் முழுக்க வைத்து முடிக்க நாலைந்து நாள் ஆகும், தள்ளிப்போடவும் முடியாது. அவள் கண் திறக்கும் நாளில் நான் வயலில் இருந்தாக வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலை. ஒரு கைப்பிடி மணிகளை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

வார்டில் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போனதும் போகாததுமாக முடிச்சை அவிழ்த்துப் போர்வைமேல் கொட்டினேன். "உன் தம்பி செஞ்ச வேலையைப் பாரு."

முழுக்கதையையும் கேட்டாள். கடைசியில், "அப்ப நீங்க போகணும்," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"வெச்சுட்டு ஓடி வந்துடுவேன்."

"சரி, போங்க. நர்ஸம்மா இருக்காங்க. நான் இருந்துக்குவேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், போர்வைமேல் கிடந்த மணிகளை அளைந்துகொண்டிருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் விரல்களுக்கும் ஏதோ வேலை வேண்டியிருந்தது போல. ஒரு மணியை எடுத்து, இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினாள்.

அது பட்டென்று உடைந்தது. விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர். கையில் மிஞ்சியது வெறும் தோல்.

"ஏங்க, இதுல ஒண்ணுமே இல்லையே. தண்ணிதான் இருக்கு."

இன்னொன்றை நசுக்கினாள். தண்ணீர். நான் ஒன்றை எடுத்து நசுக்கினேன். அதற்குள் தண்ணீரோடு வெள்ளையாகக் கொஞ்சம் கல்லுப்பு மாதிரி மிச்சம் இருந்தது. இருவரும் பயித்தங்காய் உரிப்பவர்கள் மாதிரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டே போனோம். சிலது காலி. சிலதில் பாதி, சிலதில் கால்வாசி. கரையாமல் கிடந்தது தோல் மட்டும்தான். உள்ளே இருந்தது பயிருக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மிச்சமும் போகும்.

"பாதி பரிமாறியாச்சு, பாதி பானையில இருக்கு," என்றாள். "என் தம்பி போன்ல இதைத்தான் சொல்ல வந்திருப்பான். நீங்க விட்டாத்தானே!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை இத்தனை வயதில் போர்வைமேல் வைத்துப் படித்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக ஒன்று புரிந்தது. பயிர் எனக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு இப்போது நான் வேண்டாம். என் பிழைப்பில் முதல்முறையாக, எங்கே இருக்க ஆசையோ அங்கேயே நான் இருக்கலாம்.

"நான் எங்கயும் போகலை," என்றேன். அவள் போர்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போர்வையெல்லாம் மண்ணாக்கியதற்கு நர்ஸிடம் வாங்கிய திட்டை இருவரும் சந்தோஷமாகப் பங்குபோட்டுக்கொண்டோம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் காலையில் அவள் கட்டிலருகே என்னை உட்காரவிட்டார்கள். ஜன்னல் வெயில் கட்டில் காலுக்கு வந்திருந்தபோது அவள் இமை அசைந்தது. கண்ணைத் திறந்து எங்கெங்கோ பார்த்துவிட்டு, கடைசியில் என் முகத்தில் பார்வையை நிறுத்தினாள். உதடு வறண்டிருந்தது. பேச முடியவில்லை. என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி தளர்ந்து அவள் மறுபடி தூங்கும்வரை நான் அசையவில்லை.

அப்புறம் வராந்தாவுக்கு வந்து மச்சானை அழைத்தேன். எங்கள் வயல் வரப்பில்தான் நின்றிருந்தான். காற்றில் சோளத்தோகை சலசலப்பது போனில் கேட்டது.

"அக்கா கண்ணு முழிச்சுட்டா மாப்ளே."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. நன்றி சொல்லிப் பழகாத வாய் என்னுடையது. ஆனால் அன்று தடுக்க முடியவில்லை.

"அவ கண்ணைத் திறந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன்டா. உன்னாலதான் இருந்தேன். நீ நல்லா இருக்கணும். என் வயித்துல பால் வார்த்தே."

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"மாமா, இப்பவாவது போனை வெச்சுடாதீங்க," என்றான். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.