மிளகாய்ப்பழச் சிவப்பு

எழவு வீட்டுக்கு வருகிற ஜனம் இப்போதெல்லாம் அழுவதற்கு முன்னால் டீ வந்துவிட்டதா என்று பார்க்கிறது. போன வாரம் பல்லடத்தில் ஒருத்தன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோழித்தீவன விலை பேசிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மாசாணம் தம்பி வீட்டுப் பந்தலுக்குள் வந்தால், தம்பி மகன் ரவிக்குமார் பிணத்தின் தலைமாட்டில் குந்திக்கொண்டு, பெயிண்ட் டப்பா மூடியைத் திருப்புளியால் நெம்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"கிட்டாருக்குப் பெயிண்ட் அடிக்கறனுங்க பெரியப்பா. அப்பாகூடக் குழிக்குள்ள வெக்கறமல்லங்க, செவப்பாப் போவட்டும்."

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசியதுபோக மிச்சமிருந்த சிவப்பு அது.

மாசாணத்துக்கு அந்தக் கிட்டாரைக் கண்டாலே ஆகாது. கச்சேரிக் குழுவில் வாசித்த காலத்தில், தம்பி கதிரேசன் கறவை எருமையை விற்றுவிட்டு குன்னூரில் ஒரு துரையிடம் அதை வாங்கினான். அண்ணனுக்குப் பயந்து வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. காரமடையில் குழுக்காரர்கள் பிடித்திருந்த அறையில், மேற்கு ஜன்னலோரம் மாட்டி வைத்தான். "மிளகாப்பழமாட்டச் செவப்புங்கண்ணா" என்று வாயால் மட்டும் வாசித்துத் திரிந்தான். வருஷங்கள் போய்க் குழு கலைந்து அது வீடு வந்து சேர்ந்த அன்று மாசாணம் பார்த்தார். வெந்த பூசணி மாதிரி மஞ்சள். "எருமைய வித்துப்போட்டு என்னடா கதை அளக்கற?" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்த கதிரேசன் எழுந்திருக்கவில்லை. இருமல் சத்தமும் இல்லை.

கதிரேசன் பெண்டாட்டி மயிலாத்தாள் வாய்க்கரிசித் தட்டோடு வந்து நின்றாள்.

"மாமா, அரிசி போடறதுக்கு மின்னாடி, அது செவப்புத்தான்னு உங்க தம்பி காதுல ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. பொய்க்காரன்னு பேரெடுத்துட்டுப் போறாருங்க."

"போட்டோவப் பாருங்க பெரியப்பா." சுவரிலிருந்து கழற்றி மாலை போட்டிருந்த படத்தை ரவிக்குமார் காட்டினான். கதிரேசன் கிட்டாரும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கறுப்பு வெள்ளைப் போட்டோவுல ஏதுடா செவப்பு? பெயிண்ட் அடிச்சாத்தான் செவப்பாகும்னா, அது செவப்பில்லைன்னுதானடா அர்த்தம்!"

ரவிக்குமார் பிரஷை டப்பாவுக்குள் விட்டான்.

"ஐயோ, நிறுத்துப்பா!"

கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த பாலகோபால் பந்தலுக்குள் ஓடிவந்தார். கதிரேசனின் சினேகிதர், பழைய கிட்டார்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாசாணம் அதையும் கவனித்துக்கொண்டார்.

"ஒரு சொட்டு பட்டாலும் போச்சு! இந்த மங்கல்தான் இதுக்கு அழகே. வெளிநாட்டுல மங்கினதைத்தான் தேடறாங்க."

"அப்படின்னா என்ர வேட்டியையும் கொண்டுபோகச் சொல்லுங்க" என்றார் மாசாணம்.

"இல்லைங்க, செவப்புச் சாயம் வெயில்ல போயிருமுங்க. மஞ்சள் மட்டும் நிக்கும். இப்பல்லாம் புதுசையே தேய்ச்சு மங்க வெச்சு ஏமாத்தறவங்களும் உண்டு."

"அதான பாத்தேன்!"

"நெசமா, பொய்யான்னு இப்பப் பாத்தரலாமுங்க."

பாலகோபால் திருப்புளியை வாங்கினார். கம்பிகளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தகடு. அதன் திருகாணிகளில் பச்சைக் களிம்பு கலையாமல் ஏறியிருந்தது. "இதை யாரும் தொட்டதேயில்ல, பாருங்க" என்றபடி ஒவ்வொன்றாகக் கழற்றித் தகட்டைத் தூக்கினார்.

தகடு இருந்த இடம் மட்டும் மிளகாய்ப்பழம்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். தப்பட்டைக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். மயிலாத்தாள் மட்டும் கிட்டாரைப் பார்க்கவில்லை, மாசாணத்தைப் பார்த்தாள்.

மாசாணம் அதை மடியில் வாங்கினார். மோந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். எச்சில் தொட்டுத் தேய்த்துவிட்டு விரலைத் தூக்கிப் பார்த்தார். ஒட்டவில்லை. டப்பாவுக்குள்ளும் ஒருதரம் பார்த்தார். கொம்புப் பெயிண்ட் கத்துகிற சிவப்பு. இது மர ரேகை தெரிகிற சிவப்பு.

"ராத்திரியே உள்ள அடிச்சு வெச்சிருப்பீங்க."

"பெரியப்பா!"

"சரி, சரி. வெயில் படாம மூடுங்க."

"குழிக்குள்ள ஏதுங்க பெரியப்பா வெயிலு?"

"மூடுடான்னா!"

கடைசித் திருகாணி ஏறும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு ஒரு பிடி அரிசியை அள்ளிக் குனிந்தார். போட்டு முடித்த பிறகும் நிமிர நேரமாயிற்று. உதடு அசைந்தது.

"என்னங்க மாமா சொன்னீங்க?" என்றாள் மயிலாத்தாள்.

"மஞ்சள்தான்னு சொன்னேன்."

முகம் துடைக்கத் துண்டு தேடி உள்ளே போனார். கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருந்த இடம் வெறுமையாக இருந்தது. எப்போதோ நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு எங்கும் வெளுத்துக் கிடக்க, அந்தச் சதுரத்தில் மட்டும் அன்றைக்கு அடித்த நீலம். மாசாணம் கிட்டே போய் ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பு அடிச்சவன் ஏமாத்திப்போட்டான்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.