கல்சுவருக்கு அடிக்காத மருந்து

வெட்டிவிட்ட புல்வெளியில் உண்ணி தங்காது, வெயில் அதற்கு ஆகாது. புல் முடிந்து காடு தொடங்கும் ஓரமும், மக்கிய இலைக் குவியலும், பழைய கல்சுவரும்தான் அதன் ராஜ்யம். சுவர் இடுக்கில் எலி குடியிருக்கும், எலியின் மேல் உண்ணி குடியிருக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பதினாறு வருடமாக வீட்டுத் தோட்டங்களுக்கு உண்ணி மருந்து அடிக்கும் ரோலண்ட் கான்யன், புதிதாக வரும் ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் இந்தப் பாடத்தை ஒப்பிப்பான். "புல்லுக்கு அடிக்கிறவன் உங்க கண்ணுக்கு அடிக்கிறான். சுவருக்கு அடிக்கிறவன்தான் உண்ணிக்கு அடிக்கிறான்" என்று பெருமையாக முடிப்பான். இவ்வளவு தெரிந்த மகராசன்தான், ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை டெஃப்ட் தம்பதியின் வீட்டில் கண்ணுக்கு மட்டும் அடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு அது ஏழாவது வீடு. முன்பக்கமும் பக்கவாட்டுச் செடிகளும் முடிந்து பின்பக்கச் சுவரை நெருங்கும்போது வண்டியில் தொட்டி காலி. கிடங்குக்குப் போய் மருந்து கலந்து திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்கு மகளுக்கு சாஃப்ட்பால் ஆட்டம், ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களுக்கு அவன் போகவில்லை. திங்கட்கிழமை வந்து முடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மருந்தடித்த வீடு என்பதற்கு அடையாளமான மஞ்சள் கொடியைப் புல்லில் குத்தினான். கதவில் மாட்டும் சீட்டில் புல்வெளி ஓரம், செடிகள், கல்சுவர் என்று மூன்று கட்டங்களிலும் குறி போட்டான். திங்கட்கிழமை மழை. செவ்வாய்க்கிழமை வேறு ஊர் வேலை. அதற்கப்புறம் அவனுக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் வராதபடி பார்த்துக்கொண்டான் என்றும் சொல்லலாம்.

ஜூலையில் அடுத்த முறைக்கு வந்தபோது, எல்டன் டெஃப்ட் வலையடித்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். முகத்தின் இடதுபக்கம் கண்ணிலிருந்து வாய்வரை தொங்கிப்போயிருந்தது. காப்பியை உறிஞ்சுகுழாயில் குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் ஏலம் விட்ட மனுஷர், அந்த வாய் வேகத்துக்கு மூன்று ஊரில் ஆள் கிடையாது.

"வா ரோலண்ட்," என்றார் குழறலாக. "பாதி மூஞ்சிதான் வேலை செய்யுது. மீதி லீவு போட்டுட்டுப் போயிடுச்சு."



"லைம் நோயாம்," என்றாள் அவர் மனைவி மார்ஜரி. "கசகசா அளவு உண்ணி, கடிச்சதே தெரியல. சரியாயிடும்னு டாக்டர் சொல்றார், எப்போன்னு மட்டும் வாயத் திறக்க மாட்டேங்கிறார். சுவர் ஓரமா ராஸ்பெர்ரி பறிக்கப் போனார். நீ மருந்து அடிச்சிட்டேன்னு நம்பித்தான் அரை டவுசரோட போனார்."

"மிஸஸ் டெஃப்ட், நான் வந்து..."

"அட, நீ ஏன் வெளிறிப்போற? உன்னை யாரு குத்தம் சொன்னா? உன் சீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. உண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்." சுவருக்கு அப்பால் கை நீட்டினாள். பக்கத்து வீட்டு இனெஸ் கொரேயாவின் தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி போடும் கூண்டுகள் நான்கு தொங்கின. "எனக்கும் அவளுக்கும் இருபத்தெட்டு வருஷப் பழக்கம். தீனி போடாத, எலி வரும்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்! இவருக்கு முடியலன்னதும் தினம் சூப்பத் தூக்கிட்டு வந்தா. திருப்பி அனுப்பிட்டேன்."

சொன்னதோடு நில்லாமல், "இனெஸ்! இங்க வா! உண்ணிக்காரர் வந்திருக்கார், அவரையே கேளு!" என்று குரல் கொடுத்தாள்.

இனெஸ் ஈரக்கையோடு சுவரருகே வந்தாள். நேராக ரோலண்டைப் பார்த்தாள். "இவ சொல்றத நான் நம்பல. நீ தொழில் தெரிஞ்சவன். என் தீனியாலதானா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் எதிரெதிரே நின்றிருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரோலண்டின் வாயிலிருந்து பாடம்தான் வந்தது.

"கீழ சிந்துற தானியத்துக்கு எலி வரும். எலி சுவர்ல அடையும். எலி மேல உண்ணி இருக்கும்... பொதுவா அப்படித்தான்."

"கேட்டியா?" என்றாள் மார்ஜரி.

இனெஸ் திரும்பிப் போனாள்.

அன்றைக்கு அவன் அந்தச் சுவருக்கு அடித்ததுபோல் வாழ்நாளில் எதற்கும் அடித்ததில்லை. ஒரு இடுக்கு விடவில்லை. யானை போன பிறகு சங்கிலி கட்டுகிற வேலை என்று அவனுக்கே தெரிந்தது. பாதி முடிக்கும்போது இனெஸ் ஏணி போட்டுக் கூண்டுகளைக் கழற்றுவதைக் கண்டு முதுகிலிருந்த மெஷினை நிறுத்தினான். நான்காவதையும் இறக்கிவிட்டு அவள் இந்தப் பக்கம் பார்த்தாள்.

"நீ மறைக்காம சொன்னது நல்லதாப் போச்சு, ரோலண்ட்," என்றாள். "தெரியாமலே இன்னொருத்தரப் படுக்க வெச்சிருப்பேன்."

நன்றி சொல்கிறாள்! அவள் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவனுக்கு அத்தனை எரிந்திருக்காது. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு வராந்தாவுக்கு நடந்தான்.

"மிஸஸ் டெஃப்ட், தப்பு அவங்க மேல இல்ல. என் மேல."

மார்ஜரி சிரித்தாள். "அவ மூஞ்சியப் பார்த்து மனசு இளகிடுச்சா? ரொம்ப நல்லவன்பா நீ. அடுத்தவ பழியத் தலைல போட்டுக்கிற."

எவ்வளவு வசதியான வழி! சும்மா தலை குனிந்தால் போதும், பாவம் தீர்ந்ததோடு பட்டமும் கிடைக்கும். ஒரு கணம் ரோலண்டின் தலை குனியத்தான் பார்த்தது. அதை நினைத்து இன்றுவரை அவனுக்குக் கூசும்.

"மார்ஜி, சும்மா இரு," என்றார் எல்டன். "அவன முடிக்க விடு."

"ஜூன்ல நான் சுவருக்கு அடிக்கல. தொட்டி காலியாயிடுச்சு. பொண்ணோட ஆட்டத்துக்கு நேரமாச்சு. அடிச்சதா சீட்டுல பொய்க்குறி போட்டேன். திரும்ப வரவே இல்ல."

எல்டன் முகத்தில் வேலை செய்த பாதியும் அசையவில்லை. மார்ஜரி எழுந்து நின்றாள், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"அவ சூப்ப வாசல்லயே திருப்பி அனுப்பினேன்," என்றாள். பிறகு குரல் உடைந்து, "போ. முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. எனக்கு அந்தப் பக்கம் பார்க்க மூஞ்சி இல்ல" என்றாள்.

இனெஸ் முற்றத்துக் குழாயடியில் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை நிமிராமல் கேட்டாள். முடிந்ததும் குழாயை மூடினாள்.

"அப்போ எலியப் பத்திச் சொன்னியே, அது பொய்யா?"

"இல்லைங்க. அது உண்மைதான்."

"அதான் தாங்கல. பொய்யா இருந்தா நான் எதுத்துப் பேசியிருப்பேன். உண்மையச் சொல்லியே என் வாய அடைச்சிட்ட." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்டன் மூஞ்சியக் கெடுத்தது நான்தான்னு முழுசா நம்பிட்டேனே, ரோலண்ட். நான் நம்புறத நீ நின்னு பார்த்துட்டுதானே இருந்த?"

"ஆமா," என்றான் ரோலண்ட்.