தார்ப்பாய்க்குக் காவல் இருந்த கல்

கடலடியில் கிடந்த கப்பல் பலகைகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்குவது அவள் வேலை. தொல்லியல் அலுவலகம் முழுக்க அவளுக்கு 'உப்பக்கா' என்றே பெயர்.

"கப்பல்ல கிடைச்ச சாடியெல்லாம் நம்ம கரை மண்ணு. அப்போ கப்பலும் நம்மளுதுதான்" என்று டைரக்டர் தீர்ப்பு எழுதிவிட்டார். காட்சிக்கூடத்து போர்டு நாளைக்கு அச்சுக்குப் போகிறது. உப்பக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. சாடி வெறும் சரக்கு. வாங்கின பொருளை வைத்து வாங்கினவன் ஊரைச் சொல்ல முடியுமா? ஆனால் ஒரு தடவை போர்டு ஏறிவிட்டால் அப்புறம் அதுவே சரித்திரம்.

கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று பலகை ஊறும் தொட்டியைத் திறக்கப் போனாள். தார்ப்பாய் பறக்காமல் இருக்க ஓரத்தில் வைத்திருந்த கல் ஒன்று நழுவி விழுந்து இரண்டாகப் பிளந்தது. வெளியே வெள்ளையாகக் கடல் படிவு. உள்ளே கன்னங்கரேலென்று, உடம்பெல்லாம் துளை. இந்தக் கரையில் அப்படி ஒரு கல்லை அவள் பார்த்ததே இல்லை.

"ஏங்க, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் கணவன்தான் கடலில் முக்குளித்துப் பொருள் எடுப்பவன். தொட்டியோரம் உட்கார்ந்திருந்தவன் சாவகாசமாகக் கொட்டாவி விட்டான். "கப்பலுக்குள்ள அடித்தட்டுல குவியலா கிடந்துச்சு. சாடி எடுக்க ஒரே இடைஞ்சல். ஓரமா தள்ளிட்டோம். நாலஞ்சு மட்டும் உன் தார்ப்பாய்க்கு ஆகுமேன்னு கொண்டாந்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கப்பல் கவிழாமல் இருக்க அடியில் போடும் பாரக்கல் அது. கப்பல் முதன்முதலில் கிளம்பிய ஊரின் கல். அதைத் தார்ப்பாய்க்குக் காவல் வைத்துவிட்டு, எந்த ஊர்க் கப்பல் என்று இத்தனை மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

டைரக்டரைக் கூட்டி வந்து காட்டினாள். அவர் மசியவில்லை. "பின்னாடி அந்த வழியா வந்த கப்பல்காரன் எவனாவது போட்டிருப்பான்மா."

மூன்று பேருமாக அடிப்பலகையை மெல்லப் புரட்டினார்கள். மரத்தோடு இறுகிப்போன தாருக்குள் அதே கருப்புச் சில்லுகள். அழுக்கென்று நினைத்து, மத்தியானம் அவற்றைச் சுரண்டி எறிவதாகத்தான் இருந்தாள்.

"கட்டின அன்னைக்குப் பூசின தாரு சார். பின்னாடி வந்தவன் இதுக்குள்ள எப்படிப் போடுவான்?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி குனிந்து பார்த்தார். "எந்த ஊருக் கல்லும்மா இது?"

"தெரியல சார். கண்டுபிடிக்கணும்." கணவன் பக்கம் திரும்பினாள். "தள்ளிவிட்டதை எல்லாம் நீங்கதான் போய் அள்ளிட்டு வரணும்."

"அப்போ போர்டுல என்ன எழுதறது?" என்றார் டைரக்டர்.

அவள் யோசித்தாள். கப்பல் எங்கோ கட்டினது, சாடிகள் இங்கே ஏற்றினவை. அப்படியானால் கப்பலில் இருந்தவர்கள் இந்த ஊரிலிருந்து வெளியூருக்குப் புறப்பட்டுப் போனவர்கள் இல்லை.

"வீட்டுக்குத் திரும்பிட்டு இருந்தாங்கன்னு எழுதுங்க சார்."