லைட்டின் முகத்தில் வைத்த பொட்டு

நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் சுரேஷ்பாபு போன வருடம் ஒரு ஸ்கேனர் வாங்கினார். பல்லுக்கு உறை போட வேண்டுமானால் முன்பெல்லாம் வாய் நிறைய மாவை அடைத்து அச்செடுப்போம், வருகிறவர்களுக்குக் குமட்டும். இது அப்படியில்லை. பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் காட்டினால் போதும், பல் மொத்தமும் டிவியில் வந்து நிற்கும். திருப்பதியில் ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் வேறு எவரிடமும் அது இல்லை. அதனால் ஆயுத பூஜையன்று அதற்குத்தான் பெரிய மாலை.

மற்ற சாமான்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது இருபத்திரண்டு வருடமாக என் வேலை. பல் ஓட்டையை அடைக்கிற பில்லிங்கைக் கெட்டியாக்கும் நீல லைட்டுக்கு நான் எப்போதும் கைப்பிடியில்தான் வைப்பேன். இந்த முறை டாக்டரின் மனைவி ஸ்வர்ணலதா நானே வைக்கிறேன் என்று தட்டை வாங்கிக்கொண்டாள். கைப்பிடியில் வைக்கச் சொன்னேன். முகத்தில் வைக்காமல் யாராவது கையில் பொட்டு வைப்பார்களா என்று சிரித்துவிட்டு, வெளிச்சம் வருகிற கண்ணாடி முனையிலேயே வைத்தாள். முதலாளியம்மாவிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

நான்கு நாள் லீவு. திரும்பி வந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். லைட்டையும் துடைத்தேன். அதன் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டினேன். வேலை ஆரம்பமாகிவிட்டது.

கார்த்திகையில் முதல் பில்லிங் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பொங்கலுக்குள் பதினோரு பேர், விழுந்த பில்லிங்கைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அதில் ஒருவன் மாசிலாமணி. நான் குடியிருக்கும் பாகாலாவில் எங்கள் தெருக்காரன், தக்காளி மண்டியில் வேலை. அவனை டாக்டரிடம் கூட்டிப் போனதே நான்தான்.

டாக்டர் பல்லை அடைக்கும்போது எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் பில்லிங் ஒட்டாது. ஆகவே விழுந்தால் எல்லோரும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். டாக்டரும் பார்த்தார். இந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது, கை நிற்கவில்லை, எச்சில் பட்டிருக்கும் என்று நாற்காலியில் இருந்தவர்களிடம் தெலுங்கில் சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாததுபோல.

வீட்டுக்கு வந்து ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. இதை யாருக்குப் போய்க் காட்டுவது?

தை மாதக் கடைசியில் சலீம் வந்தான். பல் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் போடுகிறவன். அவன் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மீட்டர் இருந்தது. லைட்டை அதன் மேல் வைத்தால் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று நம்பர் காட்டுமாம். டாக்டர் உள்ளே போனில் இருந்தார். எங்கள் லைட்டை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

இருநூற்றுப் பத்து காட்டியது.

"ஆயிரம் வரணும்மா," என்றான் சலீம். "இதுல மேலாக்கதான் காயும். உள்ள மாவாவே இருக்கும். எத்தினி நாளா இப்டி போட்டுக்கினு இருக்கீங்க?"

உறையைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோனோம். கண்ணாடி முனையில் காவி நிறத்தில் மெல்லிசாக ஒரு படலம். பொட்டை நான் துடைத்து எடுக்கவில்லை, ஸ்பிரிட்டில் கரைத்து முனை முழுக்கப் பூசியிருக்கிறேன். அதன் மேல் லைட்டின் சூடு பட்டுப் பட்டு இறுகிப்போயிருக்கிறது. எரியும்போது கண்ணுக்குக் கெடுதல் என்று அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அணைந்திருக்கும்போது என் கண்ணுக்கு அது தெரிந்ததுமில்லை. நீல வெளிச்சத்தைச் சிவப்பும் மஞ்சளும்தான் நன்றாக மறிக்கும், லைட் பிடிக்கும்போது டாக்டர் போடுகிற கண்ணாடிகூட அதனால்தான் ஆரஞ்சு நிறம் என்று சலீம் விளக்கினான். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். ஆயிரத்து நாற்பது.

டாக்டர் வந்து இரண்டு நம்பரையும் கேட்டார். பிறகு அந்த மீட்டரை வாங்கிக்கொண்டு சலீமை அனுப்பிவிட்டார்.

பொட்டை யார் வைத்தது என்று நான் சொன்னேன். துடைத்தது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் என் கை நடுங்கவில்லை, எச்சில் படவில்லை, அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன்.

"லைட்டுதான் தப்புன்னா, நாலு மாசமா பில்லிங் போட்டவங்க மொத்தமும் வந்து நிப்பாங்க சுலோச்சனம்மா," என்றார். "எச்சில்னா, பில்லிங் விழுந்தவங்களோட போயிரும்."

"அப்போ விழாதவங்களுக்கு?"

"விழுந்தா வரட்டும்."

அடுத்த வாரமே சுஷ்மிதா என்று ஒரு பெண் வந்துவிட்டாள். பல்லைச் சுற்றி எச்சில் வராமல் மாட்டுகிற ரப்பர் ஷீட்டும் வந்தது. தினமும் காலையில் லைட்டை மீட்டரில் வைத்து நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் வேலை. எப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு நான்தான் காட்டிக்கொடுத்தேன். சனிக்கிழமை டாக்டர் என்னை இனிமேல் வீட்டிலேயே ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார். விழுந்த பதினோரு பேரையும் கூப்பிட்டுக் காசு வாங்காமலே புதிதாக அடைத்துக் கொடுத்தார். நல்ல டாக்டர் என்று பெயர்.

பதினைந்து நாள் கழித்து, சித்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு பாகாலா ஸ்டேஷனுக்குப் போனேன். மாசிலாமணியும் அதே ரயிலுக்கு நின்றிருந்தான். வாயைத் திறந்து புது பில்லிங்கைக் காட்டினான். ஓரம் சுத்தமாக இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது.

நான் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். பொட்டு, படலம், மீட்டர் நம்பர், ஒன்று விடாமல். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"வுடுக்கா," என்றான். "வயசானா கை நடுங்கறது இருக்கறதுதான். அதுக்கு சாமி குங்குமத்து மேல பழி போடுவாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. பெட்டியில் நல்ல கூட்டம். அவன் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் இருந்த ஒரு ஆளை எழுப்பினான்.

"கொஞ்சம் எடம் வுடு நைனா. வயசானவங்க, கை நடுங்குது."

அந்த ஆள் என் கையைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். நான் உட்கார்ந்தேன்.