தேனீக்களுக்கு ஒரு தீர்மானம்

எங்கள் அடுக்ககத்தின் தலைவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும், நான்கு மாடிகளிலும் அவர் பெயர் தீர்மானம்தான். சுவரில் விளம்பரம் ஒட்டக் கூடாது என்று ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானத்தைச் சுவரில் ஒட்டலாம் என்று இன்னொரு தீர்மானம். ஏதோ ஒரு இலாகாவில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். இலாகா அவரை விட்டுவிட்டது; அவர்தான் இன்னும் இலாகாவை விடவில்லை.

மூன்றாம் மாடி லென்ஸ் அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். நான்கு மாதத்துக்கு முன்பு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு தேனீப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். எது காவல் நிற்கிறது, எது முதன்முதலாக வெளியே வந்து வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். பெட்டிக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்பார்.

"பதினஞ்சாயிரம் பேரை வேலைக்கு அனுப்பிட்டு வர்றா மகராசி. வீட்ல ஒருத்தன் டீக்குக் காத்திருக்கான், அவனைக் கவனிக்க ஆளில்ல."

"அதுங்க திரும்பி வரும்போது கால் நெறைய மகரந்தம் கொண்டு வருதுங்க. நீங்க செருப்பு நெறைய மண்ணைத்தான் கொண்டு வர்றீங்க."

ஒரு நாள் தேனடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு தேனீ வாலை ஆட்டி ஆட்டி, ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மற்றவை அதன் பின்னாலேயே சுற்றின. அக்கா அந்தக் கோட்டின் சாய்வையும் சூரியனையும் வைத்துப் பூ இருக்கும் திசையைக் கணக்குப் போட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு வரிசை மரம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார். திட்டு வாங்கும்போதும் அவர் சிரித்துக்கொண்டே நின்றதாக முதலாளி சொன்னார்.

சிக்கல் வெள்ளைச் சட்டையில் வந்தது. தேனீ தன் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. அடக்கிக்கொண்டிருந்து வெளியே பறக்கும்போதுதான் கழிக்கும். பறக்கும் வழியில் துணிக்கொடி. கொடியில் தலைவரின் சட்டைகள். மறுநாள் அறிவிப்புப் பலகையில், 'எனது வெண்ணிற உடைமீது தொடர்ந்து நிகழும் மஞ்சள் நிற அத்துமீறல் தொடர்பாக' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம்.

தலைவர் ஒரு நாள் முழுக்கத் தேனீக்களைப் பற்றி இணையத்தில் படித்தார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடிக்கு வரும்போது அவர் நிபுணர்.

"தேனீங்கிறது ஒரு ஒழுங்கான நிர்வாகம். ராணி உத்தரவு போடும், மத்ததெல்லாம் கீழ்ப்படியும். ராணியைப் பெட்டியோட தூக்கி அந்தக் கோடியில வெச்சா, மொத்த ஊழியர்களும் அங்க ஆஜர். நாப்பதடி தூரம். பிரச்சினை தீர்ந்தது."

"சார், ராணி யாருக்கும் உத்தரவு போடாது. முட்டை போடும், அவ்ளோதான்," என்றார் அக்கா. "வெளிய போனதுங்க ஞாபகம் வெச்சிருக்கிறது ராணியை இல்ல, இடத்தை. பழைய இடத்துக்கேதான் திரும்பி வரும். நகர்த்தணும்னா தினம் ஒரு முழம் நகர்த்தணும் சார்."

"அம்மா, நான் எண்ணூறு பேரை இடமாற்றம் பண்ணினவன். ஒருத்தன்கூடப் பழைய ஆபீஸ்ல போய் உட்காரல."

செயலாளரான கணக்கு வாத்தியார் தீர்மானத்தை எழுதிக்கொண்டார்: பெட்டி எதிர்க் கோடிக்கு மாறும். அதன் பிறகும் தேனீத் தொல்லை இருந்தால் அன்றைக்கே பெட்டி காலி. அதற்காகப் பூச்சி மருந்துக்காரரை முன்கூட்டியே வரவழைத்து, முதுகில் டப்பாவோடு படிக்கட்டில் உட்கார வைத்திருந்தார் தலைவர்.

பதினோரு மணிக்கு வாசலைத் துணியால் அடைத்துப் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். அந்த நேரத்தில் பாதிக் கூட்டம் மேய்ச்சலில் இருந்தது. அக்கா அவை போன திசையைப் பார்த்தார்.

பெட்டி போனதும், மாடியிலேயே குளுமையான இடம் காலியாகிவிட்டது. பொதுக்குழுவை அங்கேயே நடத்தலாம் என்றார் தலைவர். அவருடைய மெத்தை வைத்த நாற்காலியைப் பெட்டி இருந்த இடத்திலேயே போட்டார்கள். பெட்டியின் வாசல் இருந்த உயரத்தில் இப்போது தலைவரின் தொந்தி இருந்தது.

"நிர்வாகம் என்றால் என்ன?" என்று அவர் ஆரம்பித்தபோது முதல் தேனீ வந்தது. சட்டைப் பொத்தானில் உட்கார்ந்தது. அடுத்து இருபது. அடுத்து எண்ண முடியவில்லை. வாத்தியாரே எண்ணுவதை விட்டுவிட்டார். பொதுக்குழு மொத்தமும், கூட்டம் நடத்தத் தேவையான கோரம்கூட மிஞ்சாமல், மாடிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கியது.

பூச்சி மருந்துக்காரர் குழாயைத் தூக்கினார். "அடிச்சிடட்டுங்களா?"

"யாரு மேலய்யா அடிக்கப் போற?" என்றார் வாத்தியார்.

குழாய் இறங்கியது.

"அம்மா..." என்றார் தலைவர். இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்ததும், "தங்கச்சி..." தொந்தி முழுக்க மறைந்தபோது, "தாயே!"

அக்கா மெதுவாக நடந்து பக்கத்தில் போனார். "அசையாதீங்க சார். கையை ஆட்டாதீங்க. கொட்ட வரல. வாய் நெறையத் தேனோட வந்திருக்குங்க. வீட்டைத் தேடுதுங்க."

"எங்கிட்ட ஏம்மா தேடுது?"

"நீங்கதான் சார் அட்ரஸ்ல உட்கார்ந்திருக்கீங்க."

கதவுக்குப் பின்னால் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வீடு கிடைக்காமல் வெயிலில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றினால் இத்தனையும் சோர்ந்து விழும். பெட்டியைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். கதவுப் பக்கம் பார்த்தார். எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"நகருங்கப்பா," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் ஓட்டுநர். "எங்க பிடிக்கணும், சொல்லு."

"அடியில பிடிங்க. ஆட்டாம வாங்க. பள்ளத்துல பஸ்ஸை விடுற மாதிரி விடாதீங்க."

"வாயை மூடிட்டு வாடி, பயமா இருக்கு."

தலைவரை நாற்காலியோடு விரல் விரலாகப் பின்னுக்கு இழுத்தார்கள். ஆயுளில் முதல்முறையாக அவர் எந்த விளக்கமும் கேட்காமல் இடம் மாறினார். பெட்டி பழைய இடத்தில் உட்கார்ந்தது. அக்கா வாசல் துணியை உருவினார்.

உள்ளேயிருந்து ஐந்தாறு தேனீக்கள் வெளியே வந்தன. வாசலில் வரிசையாக நின்று, வாலைத் தூக்கிக்கொண்டு இறக்கையை விசிறின.

"இதென்ன பண்ணுது?" என்று கிசுகிசுத்தார் ஓட்டுநர்.

"வாசனை அனுப்புதுங்க. வீடு இங்கதான் இருக்கு, வாங்கன்னு கூப்பிடுது."

தலைவரின் தொந்தியிலிருந்து ஒன்று எழுந்தது. பின்னாலேயே பத்து, நூறு. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி அத்தனையும் வாசலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தன. யார் உத்தரவும் இல்லை. ராணி உள்ளே தன் பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருந்திருக்கும். கால் மணியில் தலைவரின் வெள்ளைச் சட்டை வெள்ளையானது. ஒரு கொட்டுகூட இல்லை. வலது சட்டைக்கையில் மட்டும் ஐந்து தேனீக்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தன.

"அப்ப பெட்டியை என்ன பண்றது?" என்றார் வாத்தியார், பேனாவைத் திறந்துகொண்டே.

"பெட்டி இங்கயே இருக்கட்டும் சார்," என்றார் அக்கா. "துணிக்கொடியை அந்தக் கோடிக்கு மாத்திடலாம். கொடிக்கு ஞாபக சக்தி கிடையாது."

கூட்டம் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இதை ஏன் முதலிலேயே யாரும் யோசிக்கவில்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"கொடியை மாத்தறதுக்கு எதிர்ப்பு இருக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் வாத்தியார்.

தலைவர் தன் வலது கையைப் பார்த்தார். ஐந்தும் அங்கேயே இருந்தன. கை நாற்காலியின் பிடியிலேயே கிடந்தது.

"ஏகமனதாக," என்று எழுதி அடிக்கோடிட்டார் வாத்தியார்.

கைதட்டலில் அந்த ஐந்தும் எழுந்து பெட்டிக்குப் போயின. பூச்சி மருந்துக்காரர் டப்பாவை இறக்கி வைத்துவிட்டு, இந்த மாதிரிப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று அக்காவிடம் விசாரித்தார். அக்கா பதில் சொல்வதற்குள் முந்திக்கொண்டார் ஓட்டுநர். ஸ்டூலைப் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பின்னாலிருந்த கூட்டத்துக்கு உரக்க விளக்கிக்கொண்டிருந்தார்:

"பாத்தீங்களா, வாலைத் தூக்கிட்டு நிக்குதே, அது நம்ம ஆளுங்களுக்கு வழி சொல்லுது. யாரும் குறுக்க நிக்காதீங்க."